ராத்திரி நிறுத்திய படகு இன்ஜினில் டீசல் டேங்குக்கே திரும்பிப் போய்விடுகிறது. நான்-ரிட்டர்ன் வால்வு (டீசலை ஒரே பக்கமாக மட்டும் ஓடவிடுகிற வால்வு) போட்டால் சரியாகுமா?

வால்வு போட்டால் கோளாறு கொஞ்ச நாளைக்குக் கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

நீங்கள் எழுதியிருப்பதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். மாலையில் நன்றாக ஓடி வந்து நிற்கிற இன்ஜின், காலையில் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) அடித்ததும் பிடிக்கிறது. அரை நிமிடம் ஓடி, இருமி இருமி நின்றுவிடுகிறது. அப்புறம் ஹேண்ட் பம்ப்பை அடி அடியென்று அடித்து ஏர் (பைப்பில் புகுந்த காற்று) எடுத்தால்தான் மறுபடி ஓடுகிறது. ஒரு தடவை ஓடத் தொடங்கிவிட்டால் அன்றைக்கு முழுக்கத் தொல்லை இல்லை. டேங்க் இன்ஜினைவிடத் தாழ்வாக இருக்கிறது. டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி மேலே தள்ளுகிற ஃபீட் பம்ப்பைப் புதிதாக மாற்றியும் தீரவில்லை. இப்போது உங்கள் மெக்கானிக் வால்வு போடச் சொல்கிறார்.

நான் தூத்துக்குடிக்காரன். மும்பையில் மஸ்காவ் பக்கம் ஒரு பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேலாகப் படகு டீசல் இன்ஜின் வேலைதான் பார்க்கிறேன். இங்குள்ள சசூன் டாக், பாவ்ச்சா தக்கா படகுத் துறைகளில் இந்தப் புகார் ஆகஸ்டில்தான் அதிகம் வரும். இந்தக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. 61 நாள் இன்ஜினைத் தொடாமல் வைத்தால் ஃபில்டர் ரப்பர்கள் காய்ந்து இறுகிவிடும். நாரளி பௌர்ணமிக்குக் கடலில் தேங்காய் விட்டுக் கும்பிட்டுவிட்டுப் படகில் ஏறிச் செல்ஃப் அடித்தால் இருமல் ஆரம்பிக்கும்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அண்ணாச்சி இந்தக் கோளாறுக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "ஏலே, டீசலுக்குக் கால் இருக்கா, தானா எறங்கிப் போவ?"

இளநீர் குடிக்கிற ஸ்ட்ராவை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே விட்டு, மேல் முனையை விரலால் பொத்திக்கொண்டு தூக்கினால் அதற்குள் இருக்கும் இளநீர் விழாது. விரலை எடுத்த நொடி கொட்டிவிடும். உங்கள் டீசல் பைப்பும் அப்படித்தான். வெளிக்காற்றின் அழுத்தம் பத்து மீட்டருக்கு மேல் டீசலைத் தாங்கிப் பிடிக்கும். உங்கள் டேங்குக்கும் பம்ப்புக்கும் உயர வித்தியாசம் மிஞ்சிப்போனால் ஒரு மீட்டர் இருக்கும். எங்குமே ஓட்டை இல்லையென்றால், வால்வே இல்லாவிட்டாலும் அந்த டீசல் மாதக்கணக்கில் மேலேயே நிற்க வேண்டும். அது இறங்குகிறது என்றால் மேலே எங்கோ காற்று நுழைகிறது. ஆகவே டீசல் எங்கே போகிறது என்று தேடாதீர்கள், காற்று எங்கே வருகிறது என்று தேடுங்கள்.

இதில் குழப்பம் எங்கே வருகிறதென்றால், டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் இருக்கிற பாதை உறிஞ்சுகிற பாதை. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். பைப்பைத் தடவிப் பார்த்தால் காய்ந்துதான் இருக்கும். 'லீக்கே இல்லண்ணே, சுத்தமா இருக்கு' என்று பையன் சொல்வான். அவன் பொய் சொல்லவில்லை. ஃபீட் பம்ப்புக்கு அப்புறம் கதை வேறு. இன்ஜின் ஓடும்போது அங்கே அழுத்தம் இருக்கும். அதனால் மெயின் ஃபில்டர் மூடி, ஏர் எடுக்கிற திருகு, காப்பர் வாஷர் இவற்றில் எங்காவது லேசாக ஈரம் பூத்து, தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். ஓடும்போது கசிகிற அந்த இடம்தான், இன்ஜின் நின்றதும் காற்றை உறிஞ்சுகிற இடம்.

இன்னொன்று. ஃபீட் பம்ப்புக்குள்ளேயே உள்ளே விடுகிற வால்வும் வெளியே விடுகிற வால்வும் இருக்கின்றன. நீங்கள் கேட்கிற நான்-ரிட்டர்ன் வேலையை அவைதான் செய்கின்றன. அவற்றின் இருக்கையில் ஒரு துகள் சிக்கினாலும் டீசல் பின்னால் நழுவும். மாற்றிய பம்ப் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் பம்ப்புக்கு முன்னாலேயே காற்று நுழைந்தால், பம்ப் வால்வு எத்தனை நன்றாக இருந்தும் கீழ்ப் பைப் காலியாவதைத் தடுக்க முடியாது. காலையில் பம்ப்பிலும் ஃபில்டரிலும் மிச்சமிருக்கிற டீசலில் இன்ஜின் பிடிக்கும். பின்னாலேயே கீழ்ப் பைப்பிலிருந்த காற்று வந்து சேர்ந்ததும் நின்றுவிடும். உங்கள் அரை நிமிடக் கணக்கு அதுதான். பகலெல்லாம் ஏன் ஓடுகிறது என்றால், உள்ளே வருகிற சின்னச் சின்னக் குமிழிகளை, மிச்ச டீசலைக் கொண்டுபோகிற ரிட்டர்ன் பைப் டேங்குக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

முதலில் செலவில்லாத சோதனை. டேங்க் அடியில் காக் (திருகித் திறந்து மூடுகிற வால்வு) இருந்தால் சாயங்காலம் இன்ஜினை நிறுத்தியதும் அதை மூடுங்கள். இன்ஜின் சாவியை அந்தக் காக்கிலேயே மாட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் காலையில் திறக்க மறந்துபோகும். காக்கைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்ததும் சுத்தமாக ஓடினால், டீசல் வந்த வழியாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. மூடியிருந்தும் அதே இருமல் என்றால் அது ரிட்டர்ன் பைப் வழியாகப் போகிறது, அல்லது இது வேறு கோளாறு. அப்படியானால் இன்ஜின் ஆயில் குச்சியையும் எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருந்து டீசல் வாடை அடித்தால் பம்ப்பின் டயாஃப்ரமோ (உள்ளே இருக்கிற ரப்பர் சவ்வு) சீலோ கிழிந்து டீசல் ஆயிலில் கலக்கிறது. அந்த இன்ஜினை அதற்குமேல் ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும்.

டேங்க் நிறைய இருக்கும்போதும் இது வருகிறதா என்று கவனித்தீர்களா? பலரும் இதைக் கவனிப்பதில்லை. நிறைந்த டேங்கில் வராமல் பாதிக்குக் கீழே போனதும் வந்தால், டேங்குக்குள் இறங்குகிற உறிஞ்சு குழாயில் விரிசல் இருக்கலாம். டீசல் அந்த விரிசலை மூடியிருக்கும்வரை தெரியாது. மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் அது காற்றைக் குடிக்கும். இல்லையென்றால் நிறைந்த டேங்கின் மட்டம் பம்ப் உயரத்துக்கு இருந்து, இறங்க வேண்டிய அவசியமே இல்லாமல் இருந்திருக்கும்.

அடுத்து, கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற கண்ணாடி மாதிரி டியூப் இருக்கிறதல்லவா, அதில் ஒரு சாண் துண்டு இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றை ஃபீட் பம்ப்புக்குச் சற்று முன்னாலும் மற்றதைப் பம்ப்புக்கும் மெயின் ஃபில்டருக்கும் நடுவிலும் கிளிப் போட்டு மாட்டுங்கள். இன்ஜினை ஓடவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். முதல் துண்டில் குமிழி ஓடினால் காற்று டேங்குக்கும் அதற்கும் நடுவில் நுழைகிறது. துண்டைக் கழற்றி டேங்க் பக்கமாக ஒவ்வொரு இணைப்பாகப் பின்னால் நகர்த்துங்கள். குமிழி எந்த இடத்தில் வராமல் நின்றுபோகிறதோ, அதற்கு முந்திய துண்டு இருந்த இடத்துக்கும் இதற்கும் நடுவில்தான் குற்றவாளி. ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் எந்தத் துண்டு காலி என்று பார்த்தாலும் தெரியும். ஆனால் இந்த டியூப் டீசலில் இறுகிப்போகும், சூட்டில் இளகும். சோதனை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். நல்லாத்தானே இருக்கு என்று விட்டுவைத்த படகுகளைப் பார்த்திருக்கிறேன். இன்ஜின் அறைக்குள் தீப்பிடிக்க வழி வைத்த மாதிரி அது.

இப்போது என் அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் சசூன் டாக்கில் ஒரு ஆறு சிலிண்டர் இன்ஜின், உங்களுக்கு வருகிற அதே இருமல். நானே பிரீ-ஃபில்டர் (ஃபீட் பம்ப்புக்கு முன்னால் இருக்கிற ஃபில்டர்) மாற்றி, காப்பர் வாஷர் மாற்றி, ஃபீட் பம்ப்பும் மாற்றிவிட்டேன். மூன்று நாள் போனது. தாண்டேல் (படகுத் தலைவர்) என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. ஐஸ் ஏற்றியாகிவிட்டது, கலாசிகள் (படகு ஆட்கள்) சும்மா உட்கார்ந்து தாயம் ஆடுகிறார்கள். கடைசியில் ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் ஒன்றில் டீசல் ஊற்றி, டேங்க் இருந்த அதே தாழ்வில் வைத்து, புது ஹோஸை நேராக ஃபீட் பம்ப்புக்குக் கொடுத்தேன். ரிட்டர்னையும் அதே கேனுக்குள் விட்டேன். மறுநாள் காலை முதல் அடியிலேயே பிடித்து, நிற்காமல் ஓடியது. ஆக பம்ப்பும் அதற்கு மேலே இருப்பதும் நல்லவை. டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவில் பிரீ-ஃபில்டரைத் தவிர அதிகம் ஒன்றும் இல்லை. கண்ணாடி டியூப் போட்டுப் பார்த்தால் ஃபில்டருக்கு முன்னால் குமிழி இல்லை, பின்னால் இருக்கிறது.

பிரீ-ஃபில்டரின் கிண்ணத்தைக் கழற்றினேன். ரப்பர் வளையத்தின் மேல், முடியைவிடச் சற்றுத் தடிமனாக, ஒரு வெள்ளை நூல் குறுக்கே கிடந்தது. காட்டன் வேஸ்ட். அதை வைத்து இருக்கையைத் துடைத்தது யார்? நான்தான். அன்றிலிருந்து ஃபில்டர் இருக்கையைத் துடைக்கப் பழைய பனியன் துணிதான், காட்டன் வேஸ்ட் பக்கத்திலேயே வராது.

ஆகவே நீங்களும் பிரீ-ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள். கிண்ண ரப்பர், அடியில் தண்ணீர் வடிக்கிற காக், மேலே இருக்கிற திருகு, அப்புறம் ஹேண்ட் பம்ப்பின் சீல். புது ஃபில்டருக்குப் பழைய ரப்பரையே போட்டிருக்கிறார்களா, அல்லது பழையது ஒட்டிக்கொண்டிருக்க அதன் மேலேயே புதியதைப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஹோஸ் வெளியே பளபளவென்று இருந்தாலும் கிளிப் கடிக்கிற இடத்தில் வளைத்துப் பார்த்தால்தான் வெடிப்பு தெரியும். காப்பர் வாஷர் கிடைக்கவில்லையென்றால் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள், இளகிக்கொடுக்கும். மேடு பள்ளமாக இருந்தால் அதுவும் உதவாது. டெஃப்லான் டேப்பை அந்த வாஷர் உட்காருகிற போல்ட்டில் சுற்றாதீர்கள். அது அடைப்பது மரையை, காற்று போவதோ வாஷர் முகத்தில். மேலும் அதன் நார் பிய்ந்து போய்ப் பம்ப் வால்வில் உட்காரும்.

எதிலும் அகப்படவில்லையென்றால் சோப்புத் தண்ணீர். டேங்க் காற்றுக் குழாய் வழியாக சைக்கிள் பம்ப்பால் இரண்டு பிஎஸ்ஐ அழுத்தம் மட்டும் கொடுத்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். கம்ப்ரசர் வேண்டவே வேண்டாம், டேங்க் உப்பித் தையல் விட்டுவிடும். இதெல்லாம் டீசலுக்குத்தான். படகுக்கு வெளியே மாட்டுகிற அவுட்போர்டு பெட்ரோல் இன்ஜினில் திறந்த கேன், டார்ச் எல்லாம் வைத்து விளையாடக் கூடாது. அங்கே பெரும்பாலும் கையால் அமுக்குகிற ரப்பர் பிரைமர் பல்பின் உள் வால்வுதான் போயிருக்கும், பல்பையே மாற்றிவிடலாம்.

ரிட்டர்ன் பைப்பை மறந்துவிட்டேன். அது டேங்கின் மேல் பக்கமே முடிந்து, இன்ஜெக்‌ஷன் பம்ப்பின் ஓவர்ஃப்ளோ வால்வும் (மிச்ச டீசலை ரிட்டர்னுக்கு விடுகிற வால்வு) சரியாக மூடாமல் இருந்தால், ராத்திரி முழுக்க அந்த வழியே காற்று ஏறும். ஓவர்ஃப்ளோ வால்வைக் கழற்றிக் கழுவி, ஸ்பிரிங்கைப் பாருங்கள். முடிந்தால் ரிட்டர்ன் முனையை டேங்கின் அடி வரை இறக்கிவிடுங்கள்.

இதெல்லாம் முடித்த பிறகும் வால்வு வேண்டுமென்றால் போடுங்கள், நான் சண்டைக்கு வரவில்லை. டேங்க் பக்கமாக, கை எட்டுகிற இடத்தில், ஓட்டம் கீழிருந்து மேலாகப் போகும்படி நிமிர்த்திப் போடுங்கள். ஸ்பிரிங் கடினமாக இருந்தால் ஃபீட் பம்ப் கூடுதலாக இழுக்க வேண்டிவரும். இழுவை கூடக் கூட, மிச்சமிருக்கிற ஓட்டைகள் இன்னும் அதிகக் காற்றைக் குடிக்கும். ஓட்டையை அடைக்காமல் வால்வு போட்டவர்கள் ஒரு நாள் கரையிலிருந்து தள்ளி, ஆக்சிலரேட்டர் முழுசாகக் கொடுக்கும்போது நிற்பார்கள்.

ஒன்று மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். ஸ்டார்ட் ஆகவில்லை என்று செல்ஃபை விடாமல் அடிக்காதீர்கள். பத்து, பதினைந்து விநாடி அடித்து, மோட்டார் ஆற நேரம் விடுங்கள். உங்கள் சைலன்சர் கடல் தண்ணீர் கலந்து வெளியேற்றுகிற வகையா? அப்படியானால் இன்ஜின் பிடிக்காமல் செல்ஃப் சுற்றும்போதும் தண்ணீர் பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கும். சைலன்சர் நிரம்பிச் சிலிண்டருக்குள் ஏறிவிடும். பல தடவை அடிக்க வேண்டியிருந்தால் கடல் தண்ணீர்க் காக்கை மூடிக்கொள்ளுங்கள், பிடித்ததும் உடனே திறந்துவிடுங்கள். டீசல் கோளாறுக்கு ஒரு ரப்பர் வளையத்தோடு முடிய வேண்டிய செலவு, அந்தத் தண்ணீரால் இன்ஜினைப் பிரிக்கிற செலவாகிவிடும்.

காக்கை மூடிய மறுநாள் காலை என்ன ஆனது, டேங்க் எவ்வளவு இருந்தபோது இருமியது, இந்த இரண்டையும் கீழே எழுதுங்கள். அதிலிருந்து எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம்.