ரீ-என்ட்ரி பர்மிட்டை ஊரிலிருந்து திரும்பி வந்து புதுப்பிக்கலாமா?

வாசகி ஒருவர் கேட்கிறார்: “நான் சிங்கப்பூர் நிரந்தரவாசி. தங்கை கல்யாணத்துக்காக அடுத்த மாதம் 12ஆம் தேதி திருச்சி போகிறேன், 28ஆம் தேதி திரும்புகிறேன். நடுவில் 20ஆம் தேதி என் ரீ-என்ட்ரி பர்மிட் முடிகிறது. வந்து புதுப்பித்தால் போதாதா? ரீ-என்ட்ரி என்றால் உள்ளே வருவதுதானே?”

போதாது. கிளம்பும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

உங்கள் குழப்பத்துக்கு அந்தச் சொல்தான் காரணம். நடிகர் ஒருவர் பல வருடம் ஒதுங்கியிருந்து மறுபடி நடித்தால் ரீ-என்ட்ரி என்கிறோம். விண்கலம் வளிமண்டலத்துக்குள் திரும்பினாலும் ரீ-என்ட்ரிதான். இரண்டிலும் வருகைதான் பேச்சு. ஆனால் விண்கலத்துக்கு வெப்பக் கவசத்தைப் புறப்படும்போதே பொருத்தித்தானே அனுப்புகிறார்கள்? இந்த மறுநுழைவு அனுமதியும் அப்படித்தான். இது விசா இல்லை. நீங்கள் வெளிநாட்டில் இருக்கும் நாட்களில் உங்கள் நிரந்தரவாசத் தகுதியைப் பிடித்து வைத்திருப்பது இதுதான். சிங்கப்பூருக்குள்ளேயே இருக்கும்வரை தேதி முடிந்தாலும் தகுதி போய்விடாது. உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியைத் தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குச் சாப்பிடப் போனால்கூடத் தேதி முக்கியம். நிரந்தரம் என்ற வார்த்தையை நம்பி இதைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் நிறையப் பேர், அதுதான் எனக்குக் கவலை.

சரி, வெளியே இருக்கும்போது முடிந்துவிட்டால்? 2025 டிசம்பர் 1 முதல் விதி மாறியிருக்கிறது. செல்லுபடியாகும் பர்மிட் இல்லாமல் வெளிநாட்டில் இருப்பவர் விண்ணப்பிக்க 180 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் விண்ணப்பிக்காவிட்டாலோ, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலோ தகுதி போய்விடும். எனவே 20ஆம் தேதியோடு எல்லாம் முடிந்தது என்று பயப்பட வேண்டாம். ஆனால் கல்யாண வீட்டில், பந்தல்காரரும் சமையல்காரரும் மாறி மாறிக் கூப்பிடும் நேரத்தில், கைப்பேசியில் ஆவணம் தேடிக்கொண்டிருக்க வேண்டுமா?

காலாவதிக்கு 3 மாதம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம், நீங்கள் அந்தக் கட்டத்துக்குள் வந்துவிட்டீர்கள். குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் இணையச் சேவையில் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளக் கணக்கு வழியாக நுழையுங்கள். பொதுவாக 5 ஆண்டுக்குக் கிடைக்கும், சிலருக்குக் குறையலாம். கேட்டவுடன் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம், பரிசீலித்துத்தான் தருவார்கள். அதனால் இந்த வாரமே அனுப்புங்கள்.

அப்புறம், கணவரும் பிள்ளைகளும் நிரந்தரவாசிகளாக இருந்தால் அவரவர் பர்மிட்டைத் தனித்தனியே எடுத்துப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே தேதி இருக்க வேண்டும் என்பதில்லை.