இடுப்பு வலிக்கு ஊசியா, ஆபரேஷனா?

கேள்வி: எனக்கு வயது 47. தையல் கடை வைத்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக இடுப்பில் வலி; காலுக்கு இறங்குவதில்லை. ஸ்டூலை விட்டு எழும்போதும், பின்னால் வளைந்து சோம்பல் முறிக்கும்போதும் பிடித்துக்கொள்கிறது. எம்ஆர்ஐ ஸ்கேனில் எல்4-எல்5 டிஸ்க் (இடுப்பின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை) பிதுங்கியிருப்பதாக வந்திருக்கிறது. ஒரு மருத்துவர் ஆபரேஷன் என்கிறார்; இன்னொருவர் ஊசியிலேயே முடித்துவிடலாம் என்கிறார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கொஞ்ச நாள் பீரோவில் வைத்துவிடுங்கள். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை ஆராய்ந்து 2015இல் வந்த தொகுப்பாய்வு ஒன்று, 50 வயதுக்காரர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருப்பதாகக் கணக்கிட்டது. நரைத்த முடிக்கும் தலைவலிக்கும் என்ன உறவோ, உங்கள் பிதுக்கத்துக்கும் வலிக்கும் அவ்வளவு உறவுதான் இருக்கலாம்.

டிஸ்க் ஆபரேஷன் பெரும்பாலும் நரம்பு அழுந்தி, காலில் மின்சாரம் பாய்ந்ததுபோல் இறங்கும் வலிக்கானது. ஏழெட்டு மில்லிமீட்டர் துளை வழியே எண்டோஸ்கோப்பில் செய்தாலும் அப்படித்தான். துளை சிறியது என்பதற்காகத் தேவையில்லாத ஆபரேஷன் தேவையானதாகிவிடாது. தண்டுவட உறையருகே போடும் ஸ்டீராய்டு ஊசிக்கும் இதே கதைதான். போதாததற்கு, ஸ்டீராய்டு உங்கள் சர்க்கரையைச் சில நாட்களுக்கு ஏற்றிவிடும்.

பின்னால் வளைந்தால் வலி என்கிறீர்கள். முள்ளெலும்புகளைப் பின்பக்கம் இணைக்கும் ஃபேசட் மூட்டுகள்மீது எனக்குச் சந்தேகம் விழுகிறது. ஆனால் அறிகுறியை வைத்தோ ஸ்கேனை வைத்தோ இதை உறுதி செய்ய முடியாது. அதற்குத்தான் சோதனை ஊசி.

குப்புறப் படுக்க வைத்து, வயிற்றுக்கடியில் ஒரு தலையணை கொடுப்பார்கள். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, அந்த மூட்டிலிருந்து வலியைக் கொண்டுசெல்லும் மெல்லிய நரம்பருகே மரப்பு மருந்தைத் துளியளவு விடுவார்கள். அடுத்த சில மணி நேரம்தான் முக்கியம். வீட்டில் படுத்துவிடாமல் கடைக்குப் போய் மெஷினில் உட்காருங்கள், எழுந்து பாருங்கள், வளைந்து பாருங்கள். மணிக்கொரு தரம், பத்துக்கு எத்தனை வலி என்று ஒரு தாளில் குறியுங்கள். எட்டு இரண்டாக இறங்கினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. எட்டு ஆறானால் இல்லை. வேறொரு நாள் திரும்பச் செய்து பார்ப்பது இன்னும் நல்லது. ஊசி போட்டாலே வலி போனதாகத் தோன்றுவது மனித இயல்பு. இந்தச் சோதனைக்கு ஸ்டீராய்டு தேவையில்லை.

சோதனையில் தேறினால் ரேடியோ ஃபிரீக்வென்சி சிகிச்சை: வலியைக் கொண்டுசெல்லும் அந்த நரம்பைச் சூட்டால் செயலிழக்க வைப்பது. சூடேற்றும் முன் சிறு மின்னோட்டம் செலுத்தி, கால் தசை துடிக்கிறதா என்று பார்ப்பார்கள். துடித்தால் ஊசியின் இடம் தவறு. பிறகு ஊசி முனையைச் சுமார் 80 டிகிரிக்குச் சூடாக்கி, ஒன்று ஒன்றரை நிமிடம் வைத்திருப்பார்கள். அன்றே வீட்டுக்குப் போகலாம். ஓரிரு வாரம் அந்த இடம் எரிச்சலாக இருக்கும். பலன் அதற்குப் பிறகுதான் தெரியும். பலன் கிடைத்தவர்களுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஓடும். நரம்பு மறுபடி வளர்ந்தால் வலியும் திரும்பலாம். ஆகவே ‘முடித்துவிடலாம்’ என்ற சொல்லை நம்பாதீர்கள்.

மருத்துவ உலகிலேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை. 2025இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதல், நாள்பட்ட முதுகுவலிக்கு இத்தகைய ஊசிகளோ ரேடியோ ஃபிரீக்வென்சியோ வேண்டாம் என்கிறது. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் சொன்னது வேறு: மற்ற சிகிச்சைகள் பலிக்காமல், வலி பத்துக்கு ஐந்து அல்லது அதற்கு மேல் இருந்து, சோதனை ஊசியில் தேறியவர்களுக்குப் பரிசீலிக்கலாம். நான் நைஸ் பக்கம். சோதனை ஊசி இல்லாமல் நேரே சிகிச்சைக்கு நாள் குறிப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவேன்.

‘மற்ற சிகிச்சைகள் பலிக்காமல்’ என்றேன். உங்கள் கடிதத்தில் பிசியோதெரபி பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மூன்று மாதம் ஒழுங்காகச் செய்து பார்க்காமல் ஊசிக்குப் போகாதீர்கள். மெஷின் முன் அரை மணிக்கொரு தரம் எழுந்து நாலடி நடங்கள்.

காலில் வலு குறைந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ கட்டுப்பாடின்றிப் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலுடன் முதுகு வலித்தாலும் தாமதிக்காதீர்கள். இதய அடைப்புக்கு ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிட்டால் ஊசிக்கு முன்பே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.