அடுப்பு விறாந்தையில இருக்கேக்க நேரத்தைப் பங்கு போடுறது எப்பிடி?

கேள்வி: கிழமை நாளில ஒபிஸ், சனி ஞாயிறு வீட்டு வேலை. மேசன் கூலி இருக்கிற விலைக்கு ஆள் பிடிக்க ஏலாது எண்டு யூரியூப் பாத்து நானே பழகி குசினிக்கு ரைல்ஸ் பதிக்கிறன், பாத்றூமும் பாதி உடைச்சாச்சு. அடுப்பு மூண்டு மாசமா விறாந்தையில. மனுசி 'ஞாயிறிலயாவது மனிசரோட இருங்கோவன்' எண்டு சண்டை, எட்டு வயசு மகளும் முகத்தை நீட்டிக்கொண்டு திரியிறா. எல்லாம் அவைக்காகத்தானே செய்யிறன்? நேரத்தை எப்பிடிப் பங்கு போடுறது? பி.கு: வெளிச்சுவருக்கு இப்ப என்ன பெயின்ற் நல்லம்?
- வாசகர், கொக்குவில்

பதில்: தம்பி, உங்கட கடிதத்தில நான் ரெண்டு தரம் வாசிச்ச இடம் அந்த அடுப்புத்தான். மூண்டு மாசமா ஒரு மனுசி விறாந்தையில நிண்டு சமைக்கிறா, காத்தடிச்சா காஸ் அடுப்பு நூரும், கறித்தூள் போத்தலுக்கு உள்ளுக்கு ஓடோணும், ஒழுங்கையால போற சனமெல்லாம் இண்டைக்கு என்ன கறி எண்டு பாத்துக்கொண்டு போகும், நீங்கள் உள்ளுக்க ரைல் வெட்டுற கிறைண்டரைப் போட்டுக்கொண்டு 'அவைக்காகத்தானே' எண்டுறியள். அவவை ஒருக்கா கேட்டனீங்களோ, குசினியில முதல் என்ன செய்யோணும் எண்டு? கேட்டிருந்தா ரைல்ஸை விட்டிட்டு ஒரு தட்டு அடிச்சுத் தாங்கோ எண்டு சொல்லியிருப்பாவோ என்னவோ.

நேரப் பிரச்சினை எண்டு நீங்கள் சொல்லுறியள், எனக்கென்னவோ முடியாத வேலைப் பிரச்சினை மாதிரித்தான் தெரியுது. குசினி முடிய முன்னம் பாத்றூமை ஏன் உடைச்சனீங்கள்? உடைக்கிறது சுகம், ஒரு சனிக்கிழமை காணும், படம் எடுத்து வட்சப்பிலயும் போடலாம். பேந்து தண்ணி போற சாய்வு பாத்து, பைப் கசியுதோ எண்டு பாத்து, மூலை மூலையா வெட்டிப் பதிக்கிறதுதான் வேலை, அதிலதான் ஆக்கள் நழுவுறது.

எங்கட சின்ன வயசில வேலி அடைப்பும் வீட்டு வேலைதான், அதுக்கு நாங்கள் ஆள் பிடிக்கிறேல்ல. அம்மாவும் ஆச்சியும் முதலே கிடுகு பின்னி அடுக்கி வைச்சிருப்பினம். ஐயா வளவுக்குள்ள நிண்டு குத்தூசியில கயித்தைக் கோத்து ஓலைக்குள்ளால குத்தி விடுவார், நான் ஒழுங்கைப் பக்கம் நிண்டு கயித்தைக் கழட்டி வரிச்சுத் தடியைச் சுத்தித் திருப்பி ஊசியில மாட்டி விடோணும். ஊசி முகத்துக்கு நேர வரும் எண்டு 'விலத்தடா' எண்டு கத்திப்போட்டுத்தான் குத்துவார். அவற்ற முகம் தெரியாது, ஓலைக்கு அங்கால குரல் மட்டும்தான், ஆனா நாங்கள் ரெண்டு பேரும் அப்பிடிக் கதைச்ச அளவுக்குப் பேந்து ஒரு நாளும் கதைக்கேல்ல. தம்பிமாருக்கு பழைய ஓலையை இழுத்துக்கொண்டு போய் எருவுக்குப் போடுற வேலை. வேலி அடைப்பு ஒராளால செய்யேலாத வேலை, அதோட பொழுதுபட முதல் முடிக்கோணும், வேலியில பொட்டு, அதுதான் ஓட்டை, விட்டிட்டுப் படுத்தா விடியக்க பக்கத்து வீட்டு ஆடு கத்தரிக்கண்டைத் திண்டுபோட்டு நிக்கும். உங்கட குசினிக்கு அப்பிடி ஒரு ஆடு இல்லாததுதான் குறை.

மகளை உள்ளுக்க விடுங்கோ. ரைலுக்கு இடையில வைக்கிற அந்தச் சின்ன பிளாஸ்ரிக் சிலுவையள் அவளின்ர விரலுக்கெண்டே செய்த மாதிரி, மட்டம் பாக்கிற குமிழையும் அவளே பாத்துச் சொல்லட்டும். ஆனா சீமெந்தில கை வைக்க விடாதேங்கோ, தோல் அவியும். கிறைண்டர் போடேக்க அவளை அம்மம்மா வீட்டை அனுப்புங்கோ, நீங்களும் கண்ணாடி போட்டு மூக்கைக் கட்டுங்கோ. பழைய அஸ்பெஸ்ரஸ் சீற் கிடக்குது எண்டு அதை வெட்டுற யோசினை இருந்தா அதை இப்பவே விடுங்கோ, அந்தத் தூசு நெஞ்சுக்குள்ள போனா வருசக் கணக்குக்குப் பிறகு புற்றுநோயா வரலாம். வயரிங்கும் வேண்டாம். 230 வோல்ற், யூரியூப்காரன் வந்து தூக்கான்.

காயிற நேரத்தையும் நீங்கள் கணக்கில எடுக்கேல்ல. ரைல் பதிச்சா இடைவெளி அடைக்க முதல் ஒரு நாளாவது விடோணும், சீமெந்துத் தரை போட்டா ஒரு கிழமைக்கு விடாமல் தண்ணி விட்டு ஈரமா வைச்சிருக்கோணும், புதுப்பூச்சுக்குப் பெயின்ற் அடிக்க நாலு கிழமை பொறுக்கோணும். சனிக்கிழமை பதிச்சிட்டு ஞாயிறு நீங்கள் அதில செய்ய ஒண்டுமே இல்லை தம்பி! பண்ணைக் கடலோரம் காத்து வாங்கப் போங்கோ, கசூரினா பீச்சுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. நீங்கள் என்ன செய்யிறியள், அது காய விட்டிட்டுப் போய் பாத்றூமை உடைக்கிறியள்.

நானும் இதில யோக்கியன் இல்லை. ஒரு பைப் வாசர் மாத்த பிளம்பர் எதுக்கு எண்டு மாமாவின்ர திவசத்தண்டு விடிய எழும்பி முறுக்கினன், பைப் சுவருக்குள்ளயே முறிஞ்சுது, மேல் ராங்க் முழுக்க ஒழுகி முடிய, ஐயர் வந்து நிக்கேக்க நான் பக்கத்து வீட்டுக் கிணத்தில வாளியோட நிண்டனான். மனுசி அண்டைக்கு ஒண்டும் சொல்லேல்ல. அது எவ்வளவு பயங்கரம் எண்டு கலியாணம் கட்டின ஆக்களுக்கு விளங்கும்.

அதால நான் சொல்லுறது இதுதான். பாத்றூமுக்கு ஒரு மேசனைப் பிடியுங்கோ, காசு போகும், போகட்டும், மூண்டு மாசம் கடையில வாங்கித் திண்ட கொத்துரொட்டிக் காசையும் ஒருக்கா கூட்டிப் பாருங்கோ. குசினியை நீங்கள்தான் செய்யோணும் எண்டால் ஒபிசில ரெண்டு நாள் லீவு போட்டு ஒரேயடியா முடியுங்கோ, முடியுமட்டும் வேற ஒண்டிலயும் சுத்தியல் படக்கூடாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில கிறைண்டர் வேண்டாம், சோத்துக்க தூசு. நல்லூர்த் திருவிழா 25 நாளும் தொடவே வேண்டாம், அது நான் சொல்லுறதில்லை, உங்கட மனுசி சொல்லுவா.

வெளிச்சுவர்ப் பெயின்ற் கேட்டனீங்கள். சுவரில உப்புப் பூத்து வெள்ளையாக் கிடக்குதோ எண்டு முதல் தடவிப் பாருங்கோ, அதுக்கு மேல எவ்வளவு விலைப் பெயின்ற் அடிச்சாலும் செதில் செதிலா உரியும். பிறகு, இப்ப ஐப்பசி. மார்கழி முடியுமட்டும் மழை விடாது. அந்தக் கேள்வியைத் தை கழியக் கேளுங்கோ, அப்ப அடுப்பு எங்க இருக்கெண்டும் எழுதுங்கோ.