மக்னெட்ரோனை மாற்ற முன் கெயினைக் கூட்டிப் பாருங்கள்

முகத்துவாரத்தில் பலநாள் படகு வைத்திருக்கும் ஒரு வாசகர் கேட்கிறார்: "4 கிலோவாட் ராடார். முன்பு 10, 12 கடல் மைலில் வரும் பெரிய கப்பல் தெளிவாகத் தெரியும், இப்போது 4 மைலுக்கு அப்பால் ஒன்றுமில்லை, கடல் அமைதியான நாளிலும் இதே கதைதான். பார்க்க வந்தவர் மக்னெட்ரோன் போய்விட்டது என்கிறார். மாற்றலாமா?"

இப்போதே காசைக் கொடுத்துவிடாதீர்கள். ராடார் அலையை உண்டாக்கும் குழாய்தான் மக்னெட்ரோன்; அது பழசானால் தூரத்துக் கப்பல்கள்தான் முதலில் மறையும், அவர் சொன்னது பிழையில்லை. அதன் ஆயுளே சில ஆயிரம் மணித்தியாலம்தான், எவ்வளவு ஓடியிருக்கிறது என்று மெனுவில் பார்க்கலாம். ஆனால் இதே குணத்தைக் காட்டும் மலிவான கோளாறுகளும் உண்டு.

12 மைல் ரேஞ்சில் வைத்து, கடலலையும் மழையும் தரும் எதிரொலியைக் குறைக்கும் கட்டுப்பாடுகளைப் பூச்சியத்துக்கு இறக்கி, கெயினை (திரும்பி வரும் அலையைப் பெருக்கும் அளவை) முழுக்கக் கூட்டுங்கள். திரை முழுவதும் பொடிப்பொடியாக இரைச்சல் எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் பெரும்பாலும் ரிசீவரில் அல்லது கேபிளில் பிழை, புது மக்னெட்ரோன் போட்டும் பலன் இராது. இரைச்சல் நன்றாக வந்து கப்பல் மட்டும் வராவிட்டால்தான் அனுப்பும் பக்கத்தையும் டியூனிங்கையும் சந்தேகிக்க வேண்டும்.

டியூனிங்கை முதலில் பாருங்கள், அதற்குச் செலவே இல்லை. உங்கள் ராடார் 9.4 கிகாஹேர்ட்ஸ் பக்கத்தில் அலையை அனுப்பிவிட்டு அதே இடத்தில் காது வைத்துக் காத்திருக்கிறது. மக்னெட்ரோன் வயதாக ஆக அனுப்பும் அலைவரிசை கொஞ்சம் நகரும், ஓட்டோ டியூனிங் சில வேளை அதைப் பிடிக்காது. மனுவலில் போட்டு, துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருக்கும் கப்பல் ஒன்றைக் குறிவைத்து, அது திரையில் ஆகப் பிரகாசமாகும் வரை மெதுவாக மாற்றுங்கள். ஃபைபர் படகைக் குறிவைக்க வேண்டாம், அது நல்ல ராடாரிலும் மங்கலாகத்தான் தெரியும்.

அப்புறம் மின்சாரம். ராடார் ஸ்டான்ட்பையில் இருக்கும்போது அளந்தால் மீற்றர் 24 வோல்ட் காட்டும், அதை நம்பாதீர்கள். டிரான்ஸ்மிட்டில் ஓடவிட்டு, கருவியின் பின்பக்கப் பிளக்கில் அளந்து பாருங்கள். பட்டரி முனையில் இருப்பதைவிட 2 வோல்ட் குறைந்தால் ஃபியூஸ் பிடியையும் வயர் முனைகளையும் திறந்து பாருங்கள், உப்புக் காற்றில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும்.

அன்டெனாவை மூடியிருக்கும் டோமையும் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். ஒரு படகில் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துக் களைத்த பிறகுதான் தெரிந்தது, மிச்சமிருந்த அலுமினியப் பெயின்றைப் பொடியன்கள் டோமுக்கும் அடித்திருந்தார்கள்! உலோகத்தூள் கலந்த பெயின்ற் அலையை மறித்துவிடும். வெறும் உப்புப் படிவு என்றால் நல்ல தண்ணீரும் சோப்பும் போதும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மாற்றிவிடுங்கள், ஆனால் நீங்களே டோமைத் திறக்க வேண்டாம். உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் உண்டு, பிரேக்கரை நிறுத்திய பின்னும் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். மாற்றுகிறவரிடம் மக்னெட்ரோனின் காந்தத்துக்குப் பக்கத்தில் இரும்பு ஸ்க்ரூடிரைவர் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லுங்கள், வேலை முடிந்ததும் டியூனிங்கைத் திரும்பச் செய்து காட்டச் சொல்லி, அந்த நங்கூரக் கப்பல் தெரிந்த பிறகே காசைக் கொடுங்கள்.