போரில் எதிரிக் கப்பலை முதன்முதலில் மூழ்கடித்த நீர்மூழ்கி எது?

முதல் உலகப் போரில் வந்த ஜெர்மன் நீர்மூழ்கிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அதற்கு ஐம்பது வருடம் முன்பே நடந்துவிட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864 பிப்ரவரி 17 இரவு, சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கு வெளியே தென்மாநிலங்களின் ‘ஹன்லி’, வடக்கின் ‘ஹவுசடோனிக்’ என்ற போர்க்கப்பலை மூழ்கடித்தது.

ஹன்லிக்கு இன்ஜின் கிடையாது. சுமார் 40 அடி நீள இரும்புக் கூடு, அவ்வளவுதான். உள்ளே ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்து ஒரு நீண்ட தண்டைக் கையால் சுற்றினால் பின்னால் புரொப்பல்லர் சுழலும். எட்டாவது ஆள் முன்னால் இருந்து ஓட்டுவார். வெளிச்சத்துக்கு மெழுகுவர்த்தி. கூட்டின் உயரம் ஏறக்குறைய நான்கு அடி. ஒருநாள் வீட்டுச் சுவரில் நான்கு அடிக்குக் கோடு போட்டு, தலை அதைத் தாண்டாமல் குனிந்து உட்கார்ந்து கையைச் சுற்றிப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது.

என்னை விடாமல் பிடித்திருப்பது வேறு விஷயம். அந்த எட்டுப் பேர் ஏறுவதற்கு முன்பே அது இரண்டு முறை மூழ்கியிருந்தது. 1863 ஆகஸ்டில் ஐந்து பேர் செத்தார்கள். அக்டோபரில் எட்டுப் பேர். அதில் ஒருவர், கப்பலுக்குப் பெயர் தந்த ஹொரஸ் ஹன்லியே. முன்பக்கத் தொட்டிக்குக் கடல்நீர் விடும் வால்வு மூடப்படாமல் இருந்தது. இரண்டு முறையும் வெளியே இழுத்து, உடல்களை எடுத்து, திரும்பத் தயார் செய்தார்கள். அப்புறமும் ஜார்ஜ் டிக்சன் என்ற லெப்டினன்ட்டின் கீழ் ஆட்கள் தாமாகவே முன்வந்தார்கள். அவர்கள் சண்டை போட்டது அடிமை முறையைக் காக்க நின்ற பக்கத்துக்கு. அந்த நோக்கத்தில் எனக்குத் துளியும் மரியாதை இல்லை. ஆனால் அந்த நெஞ்சுரத்தை என்னால் ஒதுக்கித் தள்ள முடியவில்லை.

ஆயுதம், முன்னால் நீட்டிய சுமார் 16 அடிக் கம்பின் நுனியில் 135 பவுண்டு வெடிமருந்து. ஹவுசடோனிக் ஐந்து நிமிடத்துக்குள் மூழ்கியது, அதில் ஐந்து பேர் இறந்தார்கள். ஹன்லியும் கரை திரும்பவில்லை.

1995-இல் கடலடியில் கண்டுபிடித்து, 2000 ஆகஸ்டில் மேலே தூக்கினார்கள். டிக்சனின் எலும்புகளோடு வளைந்த தங்கக் காசு ஒன்று கிடைத்தது. 1862-இல் ஷைலோ சண்டையில் அவர் தொடையில் பாய்ந்த குண்டைத் தாங்கிய காசு அது. ‘என் உயிர் காத்தது’ என்று அதில் பொறித்து வைத்திருந்தார். மற்ற ஏழு பேரின் எலும்புகளும் தண்டுப் பக்கத்திலேயே, அவரவர் இடத்தில் இருந்தன. கதவை நோக்கி முண்டியடித்ததற்கான அடையாளமே இல்லை.