1453-ல் வணிகப் பாதை அடைபட்டதா?

கேள்வி: பத்தாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். "துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்து வணிகப் பாதையை அடைத்ததால் ஐரோப்பியர் கடல்வழி தேடினர்" என்றுதான் காலங்காலமாகச் சொல்லிக்கொடுக்கிறோம். இப்படியே சொல்லலாமா?

பதில்: வேண்டாம். ஆண்டுகளைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிப் போட்டாலே அந்த வாக்கியம் நிற்காது. போர்ச்சுகீசியர் ஆப்பிரிக்கக் கரையில் சியூட்டாவைப் பிடித்தது 1415-ல். மலபார் மிளகு இத்தாலிய வணிக நகரமான வெனிஸுக்குப் போன முக்கியத் துறைமுகங்கள் அலெக்சாண்டிரியாவும் பெய்ரூட்டும். அவை 1516-17 வரை துருக்கியரிடம் இல்லை; எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக் சுல்தான்கள் கையில் இருந்தன. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்ததோ 1498-லேயே.

கான்ஸ்டாண்டிநோபிளிலும் வியாபாரம் நின்றுபோகவில்லை. நகரம் 1453 மே 29 அன்று விழுந்தது. எதிர்க்கரையில் கலாட்டா என்ற பகுதியில் இருந்த ஜெனோவாக்காரர்களுக்கு (இன்னொரு இத்தாலிய வணிக நகரத்தார்) சில நாட்களிலேயே ஆட்டோமன் துருக்கிய சுல்தான் இரண்டாம் மெஹ்மது உரிமைச் சாசனம் கொடுத்துவிட்டார். அடுத்த ஏப்ரலில் வெனிஸுடன் ஒப்பந்தம்: சுங்கம் 2 சதவீதம், வெனிஸின் பிரதிநிதி நகரிலேயே தங்கலாம். சுங்க வருமானம் சுல்தானுக்கும் வேண்டியிருந்தது. அப்புறம் 1463 முதல் 1479 வரை வெனிஸோடு போர் நடந்தபோது வணிகம் அடிவாங்கியது உண்மைதான். ஆனால் சமாதானம் ஆனதும், ஆண்டுக்கு 10,000 டூகட் (தங்க நாணயம்) கட்டி வெனிஸ் மறுபடி உள்ளே வந்தது.

அடைப்பு என்று சொல்லத்தக்கது கருங்கடலில்தான் நடந்தது. 1452-ல் பாஸ்பரஸ் நீரிணையின் குறுகலான இடத்தில் மெஹ்மது கோட்டை கட்டி, போகிற வருகிற கப்பலெல்லாம் நின்று வரி கட்ட வேண்டும் என்றார். நவம்பரில் அன்டோனியோ ரிட்சோ என்ற வெனிஸ் கப்பல் தலைவர் நிற்காமல் போனார். பீரங்கிக் குண்டு கப்பலை மூழ்கடித்தது; தப்பிக் கரையேறியவர் கழுவேற்றப்பட்டார். 1475-ல் கருங்கடல் கரையில் இருந்த ஜெனோவாவின் காஃபா துறைமுகமும் துருக்கியரிடம் விழ, கருங்கடல் மெல்ல மெல்ல அந்நியக் கப்பல்களுக்கு மூடப்பட்டது. ரஷ்ய வணிகக் கப்பல்களுக்கு அது திறந்தது ரஷ்யாவும் ஆட்டோமன்களும் 1774-ல் செய்த உடன்படிக்கையில்தான்.

மற்ற இடங்களில் சண்டை, யார் கொடியில் போவது என்பதில். சுல்தான் தனக்குக் கொடுத்த 1569 வணிகச் சாசனத்தைக் காட்டி, பிற ஐரோப்பியர் பிரெஞ்சுக் கொடியின் கீழேயே வர வேண்டும் என்றது பிரான்ஸ். 1580-ல் ஆங்கிலேய வணிகர் வில்லியம் ஹார்போர்ன் இங்கிலாந்துக்குத் தனிச் சாசனம் வாங்கியபோது பிரெஞ்சுத் தூதர் கடுமையாக எதிர்த்தார்.

சரி, வகுப்பில் என்ன சொல்வது? "வெனிஸ், மம்லூக் இடைத்தரகர்களைத் தாண்டி மிளகை நேரடியாக வாங்கப் போர்ச்சுகல் கடல்வழி தேடியது, ஆட்டோமன் எழுச்சி கிழக்கு வணிகத்தின் நிபந்தனைகளை மாற்றியது" என்று எழுதச் சொல்லுங்கள்.