வீக்கம் வடிந்தால் நாண் ஆறிவிட்டதாகாது

பந்தயத்தில் ஓடி ஓய்ந்த ஏழு வயதுப் பெண் குதிரையொன்றைத் தரகர் மூலம் வாங்கிய பொள்ளாச்சி வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: இரண்டு வாரங்களுக்கு முன் இடது முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே பின்புற நரம்பு வீங்கிச் சூடாக இருந்தது, தரகர் அழைத்து வந்தவர் ஊசி போட்டதும் நொண்டல் நின்றது, இனிச் சூடு போட்டால் ஒரே மாதத்தில் ஏறி ஓட்டலாம் என்கிறார்கள், போடலாமா?

போடக்கூடாது. காய்ச்சிய இரும்பால் தோலில் தழும்பு உண்டாகுமே தவிர, உள்ளே நாணில் அறுந்த இழைகள் விரைவாகக் கூடுவதில்லை என்பதை 1983-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வே காட்டிவிட்டது. நொண்டல் நின்றதும் ஊசி வலியை மறைத்ததால்தான். வலி தெரியாத குதிரை காலை முழுதாக ஊன்றி, பாதி அறுந்ததை முழுதாக அறுத்துக்கொள்ளும். குதிரையைக் கைமாற்றிவிட நினைக்கும் தரகருக்கு இந்த ஊசியைவிட உற்ற துணை வேறில்லை.

நீங்கள் நரம்பு என்று சொல்வது தசைநாண், அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் நார். காலைத் தூக்கி மடக்கிப் பிடித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடையே அதை மேலிருந்து கீழாக வருடிப் பாருங்கள். நல்ல காலில் முறுக்கிய கயிறுபோல ஓரம் தெளிவாகத் தட்டுப்படும், அடிபட்ட காலிலோ தடித்துக் கொழகொழவென்றிருக்கும், அழுத்தினால் குதிரை காலை வெடுக்கென்று இழுக்கும். எவ்வளவு அறுந்திருக்கிறது என்பதை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் சொல்லும், அதற்கு அடிபட்ட முதல் இரண்டு வாரத்துக்குள் எடுப்பது நல்லது என்பதால் இனியும் தள்ளிப்போடாதீர்கள். குதிரைக் காலின் ஸ்கேனைப் படிக்கத் தெரிந்தவர் மாவட்டத்துக்கு ஒருவராவது இருந்தால் இந்தத் தரகர்கள் பிழைக்கவே முடியாது. நம் கால்நடை நிர்வாகமோ பசுவையும் ஆட்டையும் தாண்டி யோசிப்பதாகத் தெரியவில்லை.

ரத்த ஓட்டம் குறைந்த திசுவாகையால் நாண் மெதுவாகத்தான் ஆறும். முதலில் உருவாகும் ஒழுங்கற்ற தழும்பு இழைகள், அளவான பாரம் தொடர்ந்து விழுந்தால்தான் காலின் நீளவாக்கில் வரிசைப்படும். எனவே லாயத்திலேயே கட்டிப்போடவும் வேண்டாம், மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிடவும் வேண்டாம். மருத்துவர் ஒப்புதலோடு சமதரையில் நாளுக்கு இருமுறை, பத்து நிமிடம் கையில் பிடித்து நடத்தத் தொடங்கி, வாரந்தோறும் சிறிது கூட்டுங்கள். ஏறக்குறைய மூன்று மாதத்தில் மறு ஸ்கேன் பார்த்த பிறகே மெல்லோட்டம், முழு ஓட்டத்துக்கு 9 முதல் 12 மாதம் ஆகும். குதிரையின் சொந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் தட்டணு ஊசியும், ஸ்டெம் செல் எனும் மூல உயிரணு ஊசியும் சில குதிரைகளுக்கு உதவலாம் என்றாலும் அவை இந்த ஓய்வைக் குறைத்துவிடாது. ஸ்டீராய்டை நாணுக்குள் செலுத்த யாரையும் விடாதீர்கள்.

இவ்வளவு பொறுமையும் தோல் கிழியாத காயத்துக்கு மட்டுமே. கம்பியோ தகரமோ பட்டுக் காலின் பின்புறம் கிழிந்திருந்தால், கீறல் விரல்நகம் அளவே இருந்தாலும், ரத்தம் நின்றுவிட்டாலும், குதிரை நொண்டாமல் நடந்தாலும், அது அன்றைக்கே பார்க்க வேண்டிய அவசரம். குறிப்பாகக் குளம்புக்கு மேலுள்ள கணுவை ஒட்டி நாணைச் சுற்றியிருக்கும் உறைக்குள் கிருமி புகுந்துவிட்டால் குதிரையையே இழக்க நேரலாம். மஞ்சளோ சுண்ணாம்போ அப்பாமல், சுத்தமான துணியால் கட்டிவிட்டு, நடு இரவானாலும் மருத்துவரை எழுப்புங்கள்.